நொடிக்கு ஐந்து முறை

நடு சீட் போய்விட்டது. இன்றைக்கு முகூர்த்த நாள் என்பதைப் பார்க்காமல் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பி வந்தது அவள் தப்புத்தான். வடவள்ளி ஸ்டாப்பில் வந்து நிற்கும்போதே பஸ்ஸுக்குள் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் நிறைந்திருக்க, கோகிலவாணிக்குக் கிடைத்தது பின்சக்கரத்துக்கு நேர் மேலே, தளம் மேடாகி முழங்கால் நெஞ்சுக்கு வருகிற அந்த சீட். இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இறங்கினால் அடுத்த பஸ் எப்போது வருமோ, இன்றைக்குப் பார்த்து கம்பெனிக்குப் பெங்களூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எபநேசர் சார் கேட் அருகிலேயே நின்றுகொண்டிருப்பார். உட்கார்ந்தாள். உலகத்தில் ஜன்னலோரம் தேடி ஏறுகிறவர்கள் உண்டு, படிக்கட்டுப் பக்கம் தேடி ஏறுகிறவர்கள் உண்டு, இரண்டு அச்சுக்கும் நடுவில் எந்த சீட் இருக்கிறது என்று தேடி டவுன் பஸ்ஸில் ஏறுகிறவள் கோயமுத்தூரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பஸ் என்பது என்ன, முன்சக்கரமும் பின்சக்கரமும் தாங்குகிற ஒரு பலகை. முன்பக்கம் ஏறினால் பின்பக்கம் இறங்கும், பின்பக்கம் தூக்கினால் முன்பக்கம் அமுங்கும், நடுவில் ஓரிடம் மட்டும் சும்மா இருக்கும். பார்க்கில் ஏற்ற இறக்கப் பலகையில் ஆடுகிற பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம். அந்தச் சும்மா இருக்கிற இடத்தில் உட்கார்ந்து போனால் வயிற்றில் இருப்பதும் சும்மா இருக்கும். வயிற்றில் இருப்பது இரண்டாவது. முதலாவது தங்கவில்லை. இது இருக்கிறது என்று அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, புருஷன் தரணிக்கும் தெரியாது, இன்னும் டாக்டரிடம்கூடப் போகவில்லை, இரண்டு வாரம் முன்னால் பாத்ரூமில் இரண்டு கோடு பார்த்துவிட்டுக் குச்சியைப் பேப்பரில் சுருட்டி எறிந்துவிட்டு வந்து தோசை ஊற்றினாள், அவ்வளவுதான். வேளாண் கல்லூரி தாண்டினதும் ஒரு பள்ளம் வரும். வந்தது. பல்லைக் கடித்தாள், பல்லைக் கடித்தால் வயிறு ஆடாது என்பதுபோல.

துப்பட்டாவுக்குள் இடது கையால் போனை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பார்க்கிறவர்களுக்குப் பர்ஸைக் காப்பாற்றுகிறாள் என்று தோன்றும். போனுக்குள் அசைவை அளக்கிற சில்லு இருக்கிறது, அதற்கென்று ஒரு ஆப் இருக்கிறது, வண்டி குலுங்கக் குலுங்க அது கோடு கிழிக்கும், பிறகு அந்தக் கோட்டைப் பிரித்து எந்த வேகத்து ஆட்டம் எவ்வளவு என்று மலை மலையாகக் காட்டும். இவளுக்கு எதையும் அளக்காவிட்டால் சோறு இறங்காது. ஸ்கூட்டரை விட்டு பஸ்ஸுக்கு வந்ததிலிருந்து தினமும் அளக்கிறாள். மெதுவாக ஊஞ்சல் மாதிரி ஆடுவது ஒரு மலை, அது பஸ்ஸின் அடியிலிருக்கிற பட்டை ஸ்பிரிங், அதைப் பற்றிக் கவலையில்லை. கிடுகிடுவென்று பொடியாக நடுங்குவது இன்னொரு மலை, அது இன்ஜின், அதையும் உடம்பின் சதையே தின்றுவிடும். நடுவில் நிற்கிறது பார், நொடிக்கு ஐந்து முறை, அதுதான். மனுஷ உடம்பை உட்கார வைத்து ஆட்டினால் குடலும் வயிறும் கூடச் சேர்ந்து துள்ளுவது கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் என்று டிராக்டர் சீட் செய்கிறவர்கள் முதல் எல்லாருக்கும் தெரியும். அந்த வேகத்தில் ஒரு மலை எதற்கு நிற்க வேண்டும்? பஸ்ஸில் எந்தப் பாகமும் அந்த வேகத்தில் ஆடக் கூடாது. சீட்டுக் கம்பி லொடக்கா? சீட்டை மாற்றினாள். பஸ்ஸை மாற்றினாள். முன்னால் உட்கார்ந்தாள், பின்னால் உட்கார்ந்தாள், ஒருநாள் சீட்டே வேண்டாமென்று டவுன்ஹால் வரை நின்றுகொண்டு வந்தாள், அன்றைக்கு மட்டும் மலை கொஞ்சம் சின்னதாக இருந்தது, நின்றால் கால் இடுப்பு வலிக்கிறது. மற்ற நாளெல்லாம் அது அங்கேயே நின்றது. வண்டி மாறினாலும் ரோடு மாறினாலும் மாறாத ஒரு ஆட்டம் உலகத்தில் உண்டா என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆட்டத்தை அடக்குவதுதான் அவள் பிழைப்பே. சிட்கோ தொழிற்பேட்டையில் எபநேசர் சாரின் கம்பெனியில் பம்ப்செட்டுக்கும் கம்ப்ரஸருக்கும் அடியில் வைக்கிற தாங்கிகள் செய்கிறார்கள், ரப்பரும் இரும்பும். இப்போது வந்திருப்பது வேறு ரகம். உடுமலைப் பக்கம் காற்றாலை இறக்கைகளில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பறந்து போய்ப் படம் எடுக்கிற டிரோனுக்கு, கேமராவின் கீழே ஒரு தாங்கி. விசிறிகளின் நடுக்கம் கேமராவுக்குப் போனால் ஒரு விரிசல் இரண்டாகத் தெரிகிறது, இல்லாத விரிசலும் தெரிகிறது. மெத்தென்று ரப்பர் வைத்தால் நடுக்கம் நிற்கும், ஆனால் டிரோன் திரும்பும்போது கேமரா தலையாட்டிப் பொம்மையாகிவிடும். விறைப்பாக இரும்பு வைத்தால் கேமரா ஆடாது, நடுக்கம் அப்படியே உள்ளே போகும். கனமாக எதையாவது கட்டித் தொங்கவிட்டால் இரண்டும் நிற்கும், டிரோன் பறக்காது. மோட்டாரும் மின்சாரமும் வைத்து எதிர்த்து ஆட்டலாம், அதற்கு பாட்டரி கிடையாது. விறைப்பாகவும் இருக்கணும், லேசாகவும் இருக்கணும், தானாகவும் நடக்கணும், எதையும் கேட்கக் கூடாது. இதை முதல்நாள் மீட்டிங்கில் சார் சொன்னபோது கோகிலவாணி சிரித்துவிட்டாள், சார், இது தாங்கிக்குச் சொல்றீங்களா மருமகளுக்குச் சொல்றீங்களா என்று கேட்டாள், சாரும் சிரித்தார். அப்புறம் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். நான்கு மெல்லிய தகட்டுக் கால்கள், நல்ல விறைப்பு. ஒவ்வொரு காலிலும் பக்கவாட்டில் ஒரு குட்டிக் கை, கையின் நுனியில் சுண்டைக்காய் அளவு பித்தளைக் குண்டு. கீழிருந்து தகடு கேமராவை மேலே தள்ளும்போது கை நெம்புகோலாகத் திரும்பிக் குண்டைக் கீழே வீசும், அந்த வீச்சு கேமராவை அதே அளவு கீழே இழுக்கும், இரண்டும் சரிக்குச் சரி, நடுவில் கேமரா தேமேயென்று நிற்கும். சின்னக் குண்டுதான், கை நீளமாக இருப்பதால் பெரிய ஆள் போல வேலை செய்யும். ஆனால் ஒரே ஒரு வேகத்துக்குத்தான் அது பலிக்கும். வேகம் கொஞ்சம் தப்பினால் அதே குண்டு கட்சி மாறி நடுக்கத்தோடு சேர்ந்துகொண்டு ஆடும். அதனால் எது ஆட்டுகிறது, எந்த வேகத்தில் ஆட்டுகிறது என்று முதலில் சுத்தமாகத் தெரிய வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களிடம் அவள் முதல்நாளே சொல்லுவாள், மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் நிறுத்தி வைத்து ஒரு தடவை அள, மெஷின் ஓடாதபோதும் கோட்டில் ஏதாவது தெரிந்தால் அது மெஷினுடையது இல்லை. சமையலில் உப்பு மாதிரி அது, யாரும் மறக்க மாட்டார்கள்.

லாலி ரோடு திருப்பத்தில் பஸ் சாய்ந்தது. இன்றைக்குப் பெங்களூர்க்காரர்களுக்கு அந்தத் தாங்கியை ஷேக்கர் மேஜைமேல், கேட்ட வேகத்தில் ஆட்டிச் சோதிக்கிற மேஜைமேல், முறுக்கி வைத்து ஆட்டிக் காட்ட வேண்டும். மேஜை. அங்கே வந்ததும் நினைப்பு எப்போதும்போல் மாட்டிக்கொண்டது, துணி ஆணியில் மாட்டுவதுபோல. போன வருஷம் ஒரு மத்தியானம், மேஜை ஓடிக்கொண்டிருந்தது, ஒரு போல்ட் இளகிக் கிறீச்சிட்டது. நிறுத்திவிட்டு இறுக்குவதுதான் முறை. நிறுத்தினால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், பாதி நாள் போகும், எல்லாரும் செய்வதுபோல அவளும் ஓடும்போதே ஸ்பேனரைப் போட்டாள், போல்ட் எதிர்ப்பக்கம் இருந்தது, எட்டவில்லை, மேஜை விளிம்பில் வயிற்றை ஊன்றி எட்டி இறுக்கினாள். எவ்வளவு நேரம்? ஒரு போல்ட் இறுக்குகிற நேரம். அந்த நேரத்தை அவள் எத்தனையோ விதமாக நீட்டியும் சுருக்கியும் பார்த்துவிட்டாள். விளிம்பு ஆடியது இவ்வளவு, சுடிதார் துணி கொஞ்சம் தடுத்திருக்கும், தோலுக்கடியில் கொழுப்பு கொஞ்சம் தடுத்திருக்கும், அதற்குள் நீர், நீருக்குள் அது. கணக்குப் போட்டால் உள்ளே போனது ஒன்றுமில்லை என்றுதான் வரும். போட்ட கணக்கை அழித்து மறுபடி போடுவாள். அடுத்த வாரம் ரத்தம் பட்டது.

இதுக்கும் உங்க வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, கரு சரியா உருவாகலேன்னா இயற்கையே நிறுத்திடும், நெறைய பேருக்கு நடக்கிறதுதான் என்று அந்த லேடி டாக்டர் நிதானமாக, ஒருதடவைக்கு இரண்டு தடவை சொன்னார். கோகிலவாணி தலையாட்டினாள். தலையாட்டினால் போதுமா, உள்ளே இறங்க வேண்டாமா? இறங்கவிடாமல் செய்தது வேறொரு கேள்வி. அத்தைக்கு, தரணியின் அம்மாவுக்கு, சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. மூன்று மாசம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் தன் மருமகள் விஷயத்தில் மட்டும் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். சந்தோஷத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் துக்கத்துக்கும் வந்தார்கள். அதில் ஒரு பெரியம்மா, நல்ல மனுஷிதான், தலையைத் தடவிக்கொண்டே, மெஷினுகிட்ட நின்னியா கண்ணு என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை, மீன்முள் மாதிரி, தண்ணீர் குடித்தாலும் சோறு விழுங்கினாலும் அங்கேயே இருக்கிறது. தரணி எதுவும் கேட்கவில்லை. அவன் பம்ப்செட் கம்பெனியில் டெஸ்ட் பெட்டில், பம்பை ஓட்டிச் சோதிக்கிற இடத்தில் இருக்கிறான், நாள் முழுக்கத் தண்ணீர் இரைச்சல், இயல்பிலேயே பேச்சு குறைவு. ஆஸ்பத்திரியில் காபி வாங்கிவரக் கீழே போனவன் வெகுநேரம் கழித்து வந்தான், காபி ஆறிப்போயிருந்தது, கண் சிவந்திருந்தது, வெளியில் ஒரே தூசி என்றான். அவள் தூசியை நம்பினாள். அவன் அவள் நம்பியதை நம்பினான். அன்றிலிருந்து இரண்டு பேரும் அந்த வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் அதிர்ச்சி படாமல் நடந்துகொள்கிறார்கள், வெகு ஜாக்கிரதையாக, ரப்பர் வைத்ததுபோல. இந்தத் தடவை சொன்னால் அவன் மறுபடி ஒரு தூசிக்கு ஆளாவான். சொல்லாவிட்டால் தூசி அவளோடு போகும். இதுதான் அவள் போட்டுவைத்திருக்கிற திட்டம். ஆனால் இன்றைக்கு மேஜை பக்கத்தில் நின்றாக வேண்டும், நிற்க முடியாது என்றால் எபநேசர் சாரிடம் காரணம் சொல்ல வேண்டும், புருஷனுக்குச் சொல்லாததை முதலாளிக்குச் சொல்வதா? நிற்கலாம், தள்ளி நிற்கலாம், சுவரோரமாக. தரை வழியாக வராதா? தரை வழியாக எவ்வளவு வரும், மேஜைக்கு அடியில் தனி அஸ்திவாரம் இருக்கிறது. இருந்தாலும். இந்த இருந்தாலும் என்கிற வார்த்தையை எந்த அஸ்திவாரம் தாங்கும்.

காந்தி பார்க்கில் இன்னும் நாலு பட்டுப்புடவை ஏறியது. கூட்டத்தைப் பிளந்து வந்த ஒரு பெண்மணி, நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும், அரக்குக் கலரில் புடவை, தலைநிறையக் கனகாம்பரம், கொஞ்சம் தள்ளுங்க அம்மிணி என்று பாதி சீட்டில் உட்கார்ந்து, கையிலிருந்த கிஃப்ட் பெட்டியை மடியில் நட்டமாக நிறுத்திக்கொண்டாள். குறிச்சியில் கல்யாணமாம், கொழுந்தனார் மகளாம், முகூர்த்தம் முடிந்தே போயிருக்குமாம், வீட்டுக்காரர் ஷேவிங் செய்ய உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாராம். கேட்காமலே சொன்னாள். கோகிலவாணி ஊம் கொட்டினாள். டவுன்ஹால் தாண்டி, பெரியகுளத்துக் காற்று கொஞ்சம் உள்ளே வந்து, உக்கடத்தில் மேம்பாலத்தடியில் பஸ் நின்றது. முன்னால் ஏதோ லாரி குறுக்கே நிற்கிறதாம். ஹாரன் அடித்துப் பார்த்த டிரைவர் சலித்துப்போய் இன்ஜினை அணைத்துவிட்டுப் பீடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது, பேச்சுக் குரல்கள் மட்டும் தனியாகக் கேட்டன. கோகிலவாணி துப்பட்டாவை விலக்கிப் போனைப் பார்த்தாள். ஊஞ்சல் மலை போய்விட்டது. இன்ஜின் மலை படுத்துவிட்டது. நடுவில், நொடிக்கு ஐந்து முறை, அது மட்டும் முன்னைவிடத் தெளிவாக, தன்னந்தனியாக நின்றது. வண்டி நிற்கிறது, இன்ஜின் அணைந்திருக்கிறது, ரோடு இல்லை, சீட்டுக்கு உயிர் இல்லை. அவளுக்குக் குப்பென்று வேர்த்தது. அப்படியானால் இது உள்ளேயிருந்து வருகிறதா? உள்ளே எது துடிக்கிறது, இதயமா, அதற்கு இதயமா, அவ்வளவு சின்னது போனை ஆட்டுமா, ஏதோ கோளாறா, ஏதோ விட்டுப்போகிறதா? அப்போது அந்தப் பெண்மணி பெட்டியிலிருந்து ஒரு கையை எடுத்து, கோகிலவாணியின் முழங்கால்மேல் வைத்து அழுத்தினாள்.

"கால ஆட்டாத சாமி. நா ஏறுனதுலருந்து ஆட்டிக்கிட்டே வர்ற. பெட்டி உழுந்துரும்."

மலை படுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அரிசி மாவுக் கோலத்தைக் கையால் வழித்ததுபோல, கோடு தட்டையானது. கோகிலவாணி தன் வலது காலைப் பார்த்தாள். குதிகால் தூக்கி, முன்பாதம் ஊன்றி, அந்த அம்மாளின் கைக்கடியில் அது இன்னும் ஒரு துடிப்புத் துடித்துவிட்டு அடங்கியது. அவள் கால். அவளுடைய சொந்தக் கால். பரீட்சை ஹாலில் பெஞ்சை ஆட்டி மிஸ்ஸிடம் அடி வாங்கின அதே கால், உட்கார்ந்துகொண்டு காலாட்டினால் வீடு விளங்காது என்று அம்மா தொடையில் கிள்ளின அதே கால். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் பஸ்ஸைக் குற்றம் சொல்லி, சீட்டைக் குற்றம் சொல்லி, மாநகராட்சி ரோட்டைக் குற்றம் சொல்லி, வடவள்ளியிலிருந்து சிட்கோ வரை தன் காலையே அளந்துகொண்டு போயிருக்கிறாள். நின்றுகொண்டு வந்த அன்றைக்கு மலை சின்னதாக இருந்ததே, நிற்கிறவள் எப்படிக் காலாட்டுவாள்? நிறுத்தி வைத்து ஒரு தடவை அள என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், பஸ்ஸை யார் நிறுத்துவார்கள் என்று விட்டுவிட்டாள். சிரிப்பு வந்தது. சிரித்தே விட்டாள். அந்தப் பெண்மணியும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தாள், கையை மட்டும் எடுக்கவில்லை, பெட்டிமேல் அவளுக்கு அவ்வளவு கவலை.

சிரிப்பு நின்றதும் உள்ளே ஒரு பெரிய காலியிடம் தெரிந்தது. பஸ் ஒன்றும் செய்யவில்லை. ரோடு ஒன்றும் செய்யவில்லை. அப்படியே பின்னால் போனால் மேஜையும் ஒன்றும் செய்திருக்காது, போல்ட்டும் ஒன்றும் செய்திருக்காது, டாக்டர் சொன்னது நிஜம். நிஜமென்றால் நிம்மதி வர வேண்டும். வரவில்லை, பயம்தான் கூடியது. இத்தனை நாளும் அவள் கையில் ஒரு குற்றவாளி இருந்தான். குற்றவாளி இருந்தால் அவனை விட்டுத் தள்ளி உட்காரலாம், நடு சீட் பிடிக்கலாம், ரப்பர் வைக்கலாம், குண்டு கட்டலாம், எந்த வேகம் என்று கண்டுபிடித்து அந்த வேகத்தை அடக்கலாம். காரணமே இல்லை என்றால் எதை எங்கே வைப்பது? போனது சும்மா போனது. ஏன் என்று கேட்க ஆளில்லாமல், அவள் ஒரு தப்பும் செய்யாமல், ஒரு தப்பும் செய்யாமலிருந்தும், போனது. தப்புச் செய்தோம் என்று இருந்தது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது, அதை விட மனசில்லாமல்தான் மேஜை விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணில் நீர் முட்டியது. அதற்காக அழவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. கணக்குத்தான் போட்டாள். ஒரு பிள்ளை போயிற்று, அதற்காக அவள் கணக்குப் போட்டாள். துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்தாள், நிற்காமல் வந்தது, துடைப்பதை விட்டுவிட்டாள். பக்கத்துப் பெண்மணி பார்த்தாள். வயிற்றில் அழுந்தியிருந்த கையைப் பார்த்தாள். எத்தனாவது மாசம் என்று மட்டும் கேட்டாள், ஏதோ எந்த ஸ்டாப் என்று கேட்பதுபோல. ரெண்டு முடியப் போவுதுங்க என்று கோகிலவாணி சொன்னாள். சொன்ன பிறகுதான், முதன்முதலாகச் சொன்னது முன்பின் தெரியாத ஒருத்தியிடம் என்று உறைத்தது. அந்த அம்மாள் வாழ்த்தவில்லை, புத்தி சொல்லவில்லை, பயப்படாதே என்று சொல்லவில்லை. வூட்ல தெரியுமா என்றாள். கோகிலவாணி இல்லையென்று தலையாட்டினாள். அந்தப் பெண்மணி எதிர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கொஞ்சம் இடம் விடுவதுபோல.

டிரைவர் ஏறினார். பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது, எல்லா மலைகளும் திரும்ப எழுந்திருக்கும், அவள் பார்க்கவில்லை, ஆப்பை மூடிவிட்டுத் தரணியின் நம்பரைத் தொட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் பேர் சொல்லிக் கூப்பிட்டவள்தான், இப்போது இவர்கள் பக்கத்து வழக்கப்படி மாமா. வேலை நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை. அவன் உடனே எடுத்தான், பின்னால் தண்ணீர் கொட்டுகிற இரைச்சல், என்ன ஆச்சு என்றான், என்ன என்று கேட்கவில்லை, என்ன ஆச்சு என்றுதான் கேட்டான். பஸ் ஆத்துப்பாலத்தில் ஏறியிருந்தது. பாலத்தின் இணைப்புகளில் பின்சக்கரம் தடக் தடக்கென்று ஏறி இறங்கியது.

"மாமா, நான் மறுபடி முழுகாம இருக்கேன்," என்றாள். "இந்தத் தடவையும் தங்காமப் போயிரலாம். போனா ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா இப்ப இருக்குது."

இரைச்சல் சின்னதாகியது, அவன் அங்கிருந்து நடந்து எங்கேயோ வெளியே வருகிறான் போலிருந்தது, ஒரு கதவு சாத்தப்பட்டது. சாப்டியா என்று கேட்டான். இல்லை என்றாள். எறங்கினதும் ஏதாச்சும் சாப்புடு, அப்பறமா உள்ள போ என்றான். அதற்குமேல் அவனால் முடியவில்லை, குரல் உடைந்து நடுங்கியது, மறைக்கவும் இல்லை, தூசி என்று சொல்லவும் இல்லை. கோகிலவாணி போனைக் காதோடு இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டாள், அந்த நடுக்கம் கொஞ்சமும் குறையாமல் தனக்குள் வரட்டும் என்று.